பக்கத்துப் பள்ளியில் 95, நம்ம பள்ளியில் 84: தேர்ச்சி விகிதத்தை எப்படிப் படிப்பது?

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள், பால் வாங்கப் போன இடத்தில் எங்கள் தெரு அக்கா ஒருவர் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, அந்த ஸ்கூல்ல தொண்ணூத்தஞ்சு பர்சென்ட்டாமா, நம்ம ஸ்கூல்ல எம்பத்தி நாலுதானாமா. புள்ளைய அங்க மாத்திரலாமுங்களா?" அவர் சொன்ன இரண்டுமே கோவை மாநகராட்சிப் பள்ளிகள்தான். நடுவில் மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. ஒரே பாடப்புத்தகம், ஒரே கேள்வித்தாள், ஒரே மாநகராட்சி. அப்புறம் எப்படி இவ்வளவு வித்தியாசம்?

நான் ஒரு மோட்டார் பம்ப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவள். மகள் அந்த எண்பத்தி நாலு சதவீதப் பள்ளியில்தான் படிக்கிறாள், அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அக்காவுக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் ஒரு வரியில் சொல்கிற பதில் இது கிடையாது. அதனால் கணக்கு என்றாலே பிடிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி முதலிலிருந்து எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: தேர்ச்சி விகிதத்தில் முதலில் தெரிவது அந்தப் பள்ளிக்கு யார் வந்து சேர்ந்தார்கள் என்பது. பள்ளி என்ன செய்தது என்பது அதற்கு அடியில் கிடக்கிறது, அதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

முதலில், மாநகராட்சிப் பள்ளி என்றால் என்ன என்பதிலேயே பலருக்குக் குழப்பம் உண்டு. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், சொத்து வரியோடு கல்வி வரி என்று ஒரு தொகை சேர்ந்திருக்கும். கட்டடம், கழிப்பறை, குடிதண்ணீர் போன்றவை மாநகராட்சியின் பாடு. பாடத்திட்டம், பொதுத்தேர்வு, எமிஸ் பதிவு (ஒவ்வொரு பிள்ளையின் விவரமும் இருக்கிற அரசின் கணினிப் பதிவு) எல்லாம் பள்ளிக்கல்வித் துறை. கோவையில் இப்படி நூற்றுக்கு மேல் பள்ளிகள் இருக்கின்றன, தொடக்கப் பள்ளியிலிருந்து மேல்நிலைப் பள்ளி வரை. இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். கோவை 1981இல் மாநகராட்சி ஆனது, 2011இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளையும் சுற்றியிருந்த பேரூராட்சிகளையும் சேர்த்து 100 வார்டுகளாக விரிந்தது. ஆகவே நாம் 'ஒரே மாநகராட்சி' என்று சொல்வது, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மாதிரி வளர்ந்த ஊர்களை ஒன்றாகத் தைத்த துணி. ஆர்.எஸ்.புரத்துப் பள்ளிக்கும் உக்கடத்துப் பள்ளிக்கும், முன்பு கிராமமாக இருந்த பக்கத்துப் பள்ளிக்கும் பெயர்ப்பலகை ஒரே மாதிரி இருக்கலாம், உள்ளே வந்து உட்காரும் பிள்ளைகளின் வீடுகள் ஒரே மாதிரி கிடையாது.

சரி, சதவீதத்துக்கு வருவோம். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று ஆறாம் வகுப்பில் படித்திருப்போம். தேர்ச்சி விகிதத்தில் மேலே பாஸானவர்கள், கீழே தேர்வு எழுதியவர்கள். நாம் எல்லோரும் மேலே இருப்பதைத்தான் பார்க்கிறோம், விஷயம் முக்கால்வாசி கீழே இருக்கிறது.

அக்கா சொன்ன பள்ளியில் 240 பேர் எழுதி 228 பேர் பாஸ். 95 சதவீதம். எங்கள் பள்ளியில் எழுதியது 38 பேர், பாஸானது 32 பேர். 84.2 சதவீதம். எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை என்பது 2.6 சதவீதம். அந்தப் பெரிய பள்ளியில் ஒரு பிள்ளை என்பது அரை சதவீதம்கூட இல்லை. அதாவது எங்களிடம் இரண்டு பிள்ளைகள் தேர்வு நேரத்தில் அம்மை போட்டு ஒரு பாடத்தில் கோட்டை விட்டாலே ஐந்து சதவீதம் சரிந்துவிடும், அங்கே இரண்டு பேருக்கு அப்படி ஆனால் ஒரு சதவீதம்கூடக் குறையாது. சின்னப் பள்ளியின் விகிதம் வருடா வருடம் துள்ளிக் குதித்துக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். போன வருடம் 97, இந்த வருடம் 84 என்றதும் "டீச்சருங்க சரியில்ல" என்று முடிவு கட்டிவிடுகிறோம். மூன்று நான்கு வருடத்துக் கணக்கை ஒன்றாகப் போட்டுப் பார்க்காமல் சின்னப் பள்ளியைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் எண்ணம்.

அடுத்தது அந்த 35. பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், மொத்தம் 500, பாடத்துக்கு 35 எடுத்தால் பாஸ். எல்லாவற்றிலும் சரியாக 35 எடுத்தவருக்கு மொத்தம் 175, அவரும் பாஸ், 490 எடுத்தவரும் பாஸ், விகிதத்தில் இருவரும் ஒன்றுதான். இதனால் என்ன ஆகிறது என்றால், ஒரு பள்ளி 34இல் இருந்த பையனை 35க்குக் கொண்டுவந்தால் அது விகிதத்தில் தெரியும். 12 மதிப்பெண் எடுத்துக்கொண்டிருந்த பெண்ணை 31 வரை தூக்கிக்கொண்டு வந்தால் தெரியாது. உண்மையில் இரண்டாவதுதான் மலை மாதிரி வேலை. அந்தப் பெண்ணுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள், மாலைச் சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை, அரையாண்டு விடுமுறை என்று எல்லாம் போயிருக்கும். ரிசல்ட் அன்று அந்த டீச்சருக்குக் கிடைப்பது 'ஃபெயில் ஒன்று' என்ற கணக்கு மட்டும். அதே போல, எழுபது எடுக்கக்கூடிய பிள்ளையைத் தொண்ணூறு எடுக்க வைத்தாலும் விகிதம் அசையாது. அதனால்தான் ஜனவரிக்குப் பிறகு பல பள்ளிகளில் முழுக் கவனமும் 25க்கும் 40க்கும் நடுவில் இருக்கும் பிள்ளைகள் மேல் போய்விடுகிறது, மெல்லக் கற்போருக்கான கையேட்டை வைத்துக்கொண்டு இந்த ஐந்து கேள்வி, இந்த இரண்டு வரைபடம் என்று மனப்பாடம் நடக்கிறது. அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன், பாஸாகாமல் பதினொன்றாம் வகுப்புக்குள் கால் வைக்க முடியாதே. ஆனால் 90 சதவீதம் வாங்கிய இரண்டு பள்ளிகளில் ஒன்றின் சராசரி 210ஆகவும் இன்னொன்றின் சராசரி 380ஆகவும் இருக்க முடியும், பேப்பரில் இரண்டும் அக்கம்பக்கத்தில் ஒரே எண்ணாக நிற்கும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பகுதிக்கு, அதாவது பின்னத்தின் கீழ்ப்பக்கத்துக்கு. அங்கே எழுதியிருப்பது 'தேர்வு எழுதியவர்கள்', 'அந்தப் பள்ளியில் படித்தவர்கள்' கிடையாது. 2023 மார்ச்சில் ப்ளஸ் டூ தமிழ்த் தேர்வு அன்றே மாநிலம் முழுக்க ஏறக்குறைய 50,000 பேர் வரவில்லை, அப்போது அது பெரிய செய்தியாக ஓடியது. மே மாதம் வந்த தேர்ச்சி விகிதம் 94.03. தேர்வுக்கே வராத அந்தப் பிள்ளைகள் இந்த 94க்குள்ளும் இல்லை, மீதி ஆறுக்குள்ளும் இல்லை.

இதையே பள்ளி அளவில் என் வீட்டிலேயே பார்த்தேன். என் அண்ணன் பையன் ஒரு தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். ஒன்பதாம் வகுப்பு முடியும்போது அண்ணனைக் கூப்பிட்டு, "பையன் மேத்ஸ்ல ரொம்ப வீக், டென்த்ல கஷ்டப்படுவான், டி.சி. வாங்கிக்கிறது நல்லது" என்றார்கள். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று இருப்பதால் இந்த வடிகட்டல் பெரும்பாலும் ஒன்பதாவதில்தான் நடக்கிறது. அண்ணன் டி.சி. வாங்கிக்கொண்டு வந்து எங்கள் மாநகராட்சிப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் சேர்த்தார். பையன் மார்ச் தேர்வில் கணக்கில் போய்விட்டான். எங்கள் பள்ளியின் ஆறு ஃபெயிலில் அவன் ஒருவன். அவனை வெளியே அனுப்பிய பள்ளியின் வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் இருந்தது. ஜூலை துணைத் தேர்வில் அவன் கணக்கில் பாஸாகிவிட்டான், எங்கள் கணக்கு டீச்சர் ஜூன் மாதம் முழுக்க அவனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மே மாதமே வந்துவிட்ட விகிதத்தில் இது சேராது. ஒன்பது வருடம் அவனை வைத்திருந்தவர்களுக்கு அவனால் ஒரு குறையும் வரவில்லை, ஒரு வருடம் வைத்திருந்தவர்களுக்கு 2.6 சதவீதம் போயிற்று. எனக்கு இதில் இன்னும் கோபம் அடங்கவில்லை.

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் மெதுவாகப் படிக்க வேண்டிய இடம். பேனா எடுத்து எழுதிப் பார்த்தால் இன்னும் நல்லது. இரண்டு பள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம், மேட்டுப் பள்ளி, பள்ளத்துப் பள்ளி. கணக்குக்காக நானே வைத்த பெயர்கள், எண்களும் கணக்குக்காகத்தான். இரண்டு பள்ளியிலும் ஆறாம் வகுப்பில் சேரும்போது பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறோம்: சரளமாகப் படிக்கத் தெரிந்து வந்தவர்கள், தெரியாமல் வந்தவர்கள்.

மேட்டுப் பள்ளியில் படிக்கத் தெரிந்து வந்தவர்கள் 180 பேர், அதில் பத்தாம் வகுப்பில் பாஸானவர்கள் 171. அதாவது 95 சதவீதம். தெரியாமல் வந்தவர்கள் 20 பேர், பாஸ் 10. அதாவது 50 சதவீதம்.

பள்ளத்துப் பள்ளியில் படிக்கத் தெரிந்து வந்தவர்கள் 40 பேர்தான், பாஸ் 39. அதாவது 97.5 சதவீதம். தெரியாமல் வந்தவர்கள் 60 பேர், பாஸ் 42. அதாவது 70 சதவீதம்.

படிக்கத் தெரிந்து வந்த பிள்ளைக்கு எந்தப் பள்ளி மேல்? பள்ளத்துப் பள்ளி. தெரியாமல் வந்த பிள்ளைக்கு எது மேல்? அதுவும் பள்ளத்துப் பள்ளிதான், அதுவும் இருபது சதவீத வித்தியாசத்தில். இப்போது மொத்தமாகக் கூட்டுங்கள். மேட்டுப் பள்ளி 200 பேருக்கு 181, அதாவது 90.5 சதவீதம். பள்ளத்துப் பள்ளி 100 பேருக்கு 81, அதாவது 81 சதவீதம்.

எந்த வகைப் பிள்ளையை எடுத்தாலும் நன்றாகச் செய்த பள்ளி, மொத்தக் கணக்கில் கிட்டத்தட்ட பத்து சதவீதம் பின்னால் நிற்கிறது. கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை, இரண்டு தரம் போட்டுப் பாருங்கள். கஷ்டமான தொடக்கத்தோடு வந்த பிள்ளைகள் பள்ளத்துப் பள்ளியில் பாதிக்கு மேல், மேட்டுப் பள்ளியில் பத்தில் ஒருவர். அந்தக் கலவைதான் மொத்தத்தைக் கீழே இழுக்கிறது. புள்ளியியல் படித்தவர்கள் இதைச் சிம்ப்சன் முரண் என்பார்கள். முதல் தடவை இதை நான் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, எத்தனை பள்ளிகளை இப்படித் திட்டியிருக்கிறோம் என்று.

நம்ம ஊரில் மில்லில் வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்றால் முதல் கேள்வி, பஞ்சு என்ன ரகம் என்பதுதான். அதைக் கேட்காமல் ஸ்பின்னிங்கில் நிற்கிறவரைத் திட்ட மாட்டார்கள். ஆனால் இந்த உவமை இதோடு நிற்க வேண்டும். பஞ்சின் ரகம் மாறாது. ஆறாம் வகுப்புக்குப் படிக்கத் தெரியாமல் வருகிற பிள்ளையின் நிலை மாறும், மேலே சொன்ன 42 பேர் மாறியவர்கள்தான்.

அப்படியென்றால் ஒரே ஊருக்குள் ஒரு பள்ளிக்கு ஒரு மாதிரி, இன்னொரு பள்ளிக்கு வேறு மாதிரி பிள்ளைகள் எப்படிப் போய்ச் சேருகிறார்கள்? இதற்குக் கல்வியைவிட வீட்டு வாடகையும் பஸ் ரூட்டும் அதிகம் பதில் சொல்லும்.

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அம்மா தூய்மைப் பணியாளர், காலை ஆறு மணிக்கு முன்னால் வருகைப் பதிவுக்கு மஸ்டரில் நிற்க வேண்டும். அப்பா இல்லை. தண்ணீர் வருகிற நாளில் குடம் பிடித்து வைத்து, தம்பியைக் குளிப்பாட்டித் தொடக்கப் பள்ளியில் விட்டுவிட்டு இவள் வரும்போது பிரேயர் முடிந்திருக்கும். யூனிஃபார்ம் கை முழங்கை வரை ஈரமாக இருக்கும், அதைப் பார்த்தே எந்த நாள் தண்ணீர் வந்தது என்று சொல்லிவிடலாம். தம்பிக்கு அங்கே காலை உணவு கிடைத்துவிடும். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம் அது, ஆனால் ஐந்தாம் வகுப்பு வரைதான். இவளுக்கு மதியச் சாப்பாடுதான் முதல் சாப்பாடு. முதல் பீரியட் கணக்கு. இந்தப் பெண்ணுக்குக் கணக்கு வரவில்லை என்று ஒரு தாளில் எழுதுவது சுலபம்.

அப்புறம் இடம் மாறுவது. கோவையில் குளக்கரைகளில் இருந்த குடும்பங்களைக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களில் குடிசை மாற்று வாரிய அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள். வீடு கிடைத்தது, ஆனால் பிள்ளை பழைய பள்ளிக்கே வர வேண்டுமென்றால் பஸ்ஸில் நகரத்தைக் கடந்து வர வேண்டும், இல்லையென்றால் வருட நடுவில் டி.சி. வாங்கிப் புதுப் பள்ளியில் சேர வேண்டும். அந்தப் புதுப் பள்ளிக்கோ அவ்வளவு பிள்ளைகளை எதிர்பார்த்துக் கட்டிய வகுப்பறையும் கிடையாது, போட்ட ஆசிரியர்களும் கிடையாது. பழைய பள்ளியில் பிள்ளை எண்ணிக்கை சரிய, ஆசிரியர் பணியிடம் உபரி என்று கணக்கில் வந்து பணி நிரவலில் வேறு இடத்துக்குப் போய்விடும். ஆக ஒரே முடிவில் இரண்டு பள்ளி ஆட்டம் காணும்.

திருப்பூரில் இது இன்னும் வேகமாக நடக்கும். தெற்கு மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள், ஆர்டர் இருக்கிற பக்கம் வீடு மாறும். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஜூன் மாத வருகைப் பதிவேட்டையும் மார்ச் மாத வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு வகுப்போ என்று தோன்றும். வீட்டில் ஒடியாவோ இந்தியோ பேசுகிற பிள்ளை இரண்டே வருடத்தில் தமிழில் சண்டை போடும் அளவுக்குப் பேசக் கற்றுக்கொள்கிறது. ஆனால் பேசுவது வேறு, தமிழில் அறிவியல் தாளுக்கு நெடுவினா எழுதுவது வேறு. இவ்வளவுக்கும் நடுவில் 2024 ப்ளஸ் டூ தேர்வில் மாநிலத்திலேயே முதலிடம் திருப்பூர்தான், 97.45 சதவீதம். கோவைக்கு 96.97, மாநிலச் சராசரி 94.56. பெருமைதான், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ப்ளஸ் டூ தேர்வு அறைக்குள் வந்து உட்கார்ந்தவர்களின் கணக்கு அது, பத்தாவதோடு கம்பெனிக்குப் போனவர்கள் அதில் இல்லை. அதோடு மாவட்டச் சராசரி என்பது தனியார் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி எல்லாம் ஒரே அண்டாவில் போட்டது. அதே 2024இல் மாநில அளவில் அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 91.02, தனியார் பள்ளிகள் 96.7.

கொரோனாவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதின பிள்ளைக்கு வகுப்பறை திறந்தது 2021 நவம்பர் 1 அன்று, அப்போது அது இரண்டாம் வகுப்பில் பாதி வருடம். அ, ஆ கற்க வேண்டிய காலம் முழுக்க வீட்டில். வீட்டில் ஸ்மார்ட்போனும் சொல்லித்தர ஆளும் இருந்த பிள்ளை ஒரு மாதிரி, இல்லாத பிள்ளை வேறு மாதிரி. அந்தப் பிள்ளைகள்தான் 2025இல் ஆறாம் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள். எங்கள் பள்ளி ஆறாம் வகுப்பில் ஒரு பையன் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எழுத்து ஒவ்வொன்றும் தெரிகிறது. 'வ', 'ய', 'லி', 'ல்' என்று விரல் வைத்து நகர்கிறான், வரி முடிவதற்குள் வரியின் முதல் சொல் அவனுக்கு மறந்துவிடுகிறது. கணக்கில் அவனுக்கு மூளை இருக்கிறது, கடையில் மீதிச் சில்லறையை நொடியில் சொல்வான், ஆனால் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் கேள்வி கையைவிட்டுப் போய்விடுகிறது. 6 முதல் 9 வரையான வகுப்புகளில் இப்படிப்பட்டவர்களுக்காக அரசு 'திறன்' என்று ஒரு திட்டத்தை 2025-26இல் கொண்டுவந்தது. இந்தப் பையன்கள் பத்தாம் வகுப்பு எழுதப் போவது 2030இல். அந்த வருட விகிதத்தைப் பார்த்து யாரும் அவசரப்பட்டுப் பேச வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு சொன்னதால் பள்ளியின் மேல் தப்பே இருக்காது, எல்லாம் வீட்டு நிலைமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையில் ஓர் அறிக்கை வந்தது. அந்த நாட்டில் பள்ளிகளை நடத்துவது உள்ளூர்ப் பள்ளி மாவட்டங்கள், உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து அவற்றுக்குப் பெரும் பணம் வருகிறது, அதனால் பணக்காரப் பகுதிப் பள்ளிக்கும் ஏழைப் பகுதிப் பள்ளிக்கும் வசதியில்தான் வித்தியாசம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் பிள்ளைகளின் மதிப்பெண் வித்தியாசத்தைப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணி அதிகமாக விளக்குகிறது என்று அந்த அறிக்கை சொன்னது. உடனே பலர், அப்படியானால் பள்ளிக்கூடத்தால் ஒன்றும் ஆகாது என்று படித்துக்கொண்டார்கள். நான் அதை அப்படிப் படிக்கமாட்டேன். வாசலில் நுழையும்போதே இடைவெளி இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். உள்ளே வந்த பிறகு அது கூடுகிறதா குறைகிறதா என்பதில் பள்ளிக்குக் கை இருக்கிறது, பள்ளத்துப் பள்ளியின் 70க்கும் மேட்டுப் பள்ளியின் 50க்கும் நடுவில் இருப்பது அந்தக் கைதான்.

பள்ளிக்குள் எது உடைகிறது என்று கேட்டால், என் அனுபவத்தில் முதலில் ஆசிரியர் எண்ணிக்கை. பெரிய மேல்நிலைப் பள்ளியில் கணக்குக்கு நான்கு ஆசிரியர் இருப்பார்கள், ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் மற்ற மூவர் பங்கு போட்டுக்கொள்வார்கள். எங்களைப் போன்ற சின்ன உயர்நிலைப் பள்ளியில் பாடத்துக்கு ஒருவர். அவர் விடுப்பு எடுத்தாலோ பதவி உயர்வில் போனாலோ அடுத்த ஆள் வரும் வரை பத்தாம் வகுப்புக்கும் கணக்கு இல்லை, ஆறாம் வகுப்புக்கும் இல்லை. அப்படி நான்கு மாதம் போனால் அது அடுத்த நான்கு வருட ரிசல்ட்டிலும் தெரியும், ஏனென்றால் ஆறாவதில் பின்னம் விட்டுப்போனவன் ஒன்பதாவதில் இயற்கணிதத்தில் மாட்டுவான். பெரிய பள்ளி என்றால் எல்லாம் சுகம் என்றும் சொல்ல முடியாது. திருப்பூர் ஜெய்வாபாய் பெண்கள் பள்ளி மாதிரி ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் ஒவ்வொரு வகுப்பும் நிரம்பி வழியும், ஆனாலும் பெற்றோர் அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள். நல்ல பெயர் இருக்கிற பள்ளிக்கு, விசாரித்து, லீவு போட்டு, விண்ணப்பம் வாங்கி அலையத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் வருகிறார்கள், அதனால் பெயர் இன்னும் கூடுகிறது. அலைய நேரமில்லாதவர்களின் பிள்ளைகள் அடுத்த தெருப் பள்ளிக்கு வருகிறார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, தானாகவே பிரிகிறது.

அப்படியானால் அந்த அக்கா பள்ளியை மாற்றலாமா வேண்டாமா? விகிதத்தை மட்டும் பார்த்து மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதில் இரண்டு பள்ளிக்கும் போய் ஹெச்.எம்.மிடமோ வகுப்பாசிரியரிடமோ கேட்கச் சொன்னேன்: ஆறாவதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இங்கேயே பத்தாவது எழுதினார்கள், படிக்கத் தெரியாமல் வருகிற பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள், எந்தப் பாடத்துக்காவது இப்போது ஆசிரியர் இல்லாமல் இருக்கிறதா. முதல் கேள்விக்கே பல இடங்களில் பதில் இருக்காது, இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால். எமிஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் இருக்கிறது, எந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பள்ளிக்குப் போனது என்ற தடம் இருக்கிறது. ஆறாவதில் எங்கே இருந்தார்கள், பத்தாவதில் எங்கே வந்தார்கள் என்று பள்ளிவாரியாகப் போட்டு வெளியிட்டால் ரிசல்ட் அன்று பேச்சே வேறு மாதிரி இருக்கும். அரசு அதைச் செய்ய வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

அது வரும்வரை நாமே கையால் செய்யலாம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வருவதோடு நிறுத்தாமல் கணக்கைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கூட்டத்தில் ஹெச்.எம். அலமாரியைத் திறந்து 2020 சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வந்தார். இந்த வருடம் பத்தாவது எழுதிய செட் ஆறாவதில் சேர்ந்த வருடம் அது, வகுப்பறையையே பார்க்காமல் ஆறாம் வகுப்பை முடித்தவர்கள். 52 பெயர். பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்தோம். 17 பேர் பத்தாவது வரவில்லை, நடுவில் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், ஆக 38. பதினேழில் ஒன்பது பேர் வீடு மாறிப் போனவர்கள், டி.சி. எந்தப் பள்ளிக்குப் போனது என்று பதிவு இருந்தது. நான்கு பேர் தனியார் பள்ளிக்குப் போனார்கள். மீதி நான்கு பெயருக்கு நேராக ஒன்றும் இல்லை. மூன்று பெண், ஒரு பையன். தமிழ் ஐயா மட்டும் அந்தப் பையனை ஒரு பேக்கரியில் பார்த்ததாகச் சொன்னார், எந்த பேக்கரி என்று அவருக்கு நினைவில்லை.

நான்கு வீட்டுக்கும் அடுத்த கூட்டத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று பிரித்துக்கொண்டோம். எனக்கு இரண்டு வீடு. சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையிலிருந்து நேராக முதல் வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி, "அந்தப் புள்ள சூலூர்ப் பக்கம் சித்தி ஊட்ல இருக்குது சாமி, மில்லுக்குப் போகுது" என்று சொல்லி, உள்ளே போய்க் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருந்த ஒரு நம்பரைக் கிழித்துக் கொடுத்தார். நாளைக்குக் கூப்பிடப் போகிறேன்.